காணிக்கை மணல்

லாரி பின்பக்கத்தைத் தூக்கி மணலைக் கொட்டி முடித்ததும் ஞானதீபம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு நாலு மணல் மணியை எடுத்து நாக்கில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், தூவென்று துப்பினாள். கருவாட்டுப் பானையைக் கழுவிய தண்ணீர் மாதிரி கரித்தது. பதினெட்டு வருசம் சித்தாளாக மணல் சுமந்தவளுக்கு நாக்கில் வைக்காமலே தெரிந்திருக்கும். இருந்தாலும் ஒருவர் கொடுத்த பொருளைச் சந்தேகப்படுகிறோமே என்றுதான் வைத்துப் பார்த்தாள். லாரி டிரைவரிடம் எங்கே அள்ளியது என்று கேட்டாள். செல்வதுரை அண்ணாச்சியின் உப்பளத்தில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண், எப்படியும் அள்ளித் தூரப் போட வேண்டியது, கோயில்காரர்கள் கேட்டதும் அப்படியே இங்கே அனுப்பிவிட்டார் என்று அவன் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். லாரியின் நெற்றியில் அண்ணாச்சியின் படம் போட்ட பேனர் கட்டியிருந்தது.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை கூரைக்குக் கான்கிரீட்.

போன டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாயர்புரத்துக்குக் கிழக்கே இருந்த அவர்கள் ஊர்க் குளம் உடைந்து, ஞானதீபத்தின் மண்சுவர் வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் மிச்சம். அவளும் புருசன் ஏசுவடியானும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஆறு மாதமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறார்கள். எத்தனையோ பேர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். எழுதிய நோட்டு எந்த மேசையில் கிடக்கிறதோ. மேற்கே ஒரு சேகரத்துச் சபைகளிலிருந்து கோயில் ஆட்கள் மட்டும்தான் சொன்னபடி வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். அந்த நன்றியை அவள் மறக்கிறவள் இல்லை. நாலு சுவரும் நல்ல மணலில், நல்ல செங்கலில், தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராகத்தான் எழும்பியிருந்தன.

ஆனால் முதல் நாளே அவர்கள் ஒரு சட்டம் வைத்தார்கள். யாருக்கு வீடோ அவர்கள் வேலை செய்யக் கூடாதாம். பட்ட கஷ்டம் போதும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளையும் ஏசுவடியானையும் உட்கார வைத்தார்கள். ஏசுவடியானுக்குச் சரி, வெள்ளத்தில் சுவர் விழுந்து கால் ஒடிந்தவன். கல்லு மாதிரி இருக்கிற அவளை எதற்கு உட்கார வைக்க வேண்டும்? ஒரே மாதிரி பனியன் போட்ட பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு, கால்வாசி நிறைந்த கலவைச் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி நடப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை ஊறியது. சும்மாடு வைக்கக்கூடத் தெரியவில்லையே என்று பல்லைக் கடித்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்தாள். அதற்குள் நாலு பேர் ஓடி வந்து, அம்மா நீங்க உக்காருங்க என்று வாங்கி வைத்துவிட்டார்கள். தன் வீட்டில் தனக்கு வேலை இல்லை என்பதை அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

சரி, வேலை வேண்டாம். வாயாவது இருக்கிறதே என்று, மணல் லாரி போனதும் முதலில் விக்டர் கொத்தனாரிடம் போனாள். அந்தப் பதினெட்டு வருசத்தில் பாதி அவனுக்குக் கீழேதான் அவள் வேலை பார்த்திருக்கிறாள். சாரத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தவன் அவள் சொல்லி முடிக்கும் வரை மணல் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும்ளா. நானும் பாத்தேன். ஓசியில வந்த மண்ணு. இவுக இன்னும் ஏழு வீடு கட்டப் போறாவ. வாயத் தொறந்தா அந்த ஏழும் எனக்கு இல்ல."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்குச் சாரத்தை உருவியிருப்பாள். புன்னைக்காயல் பக்கம் ஒரு வீட்டில் மத்தியானம் படுத்திருந்த ஆளின் தோளில் கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, அதைப் பூச இரண்டு பேரும் சேர்ந்துதானே போனார்கள்? உள்ளே இருந்த கம்பியைக் கிள்ளினால் கையோடு உதிர்ந்தது. கட்டி ஆறே வருசம். உப்பு மணலில் போட்டால் இப்படித்தான் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த விக்டர்தான். இப்போது அவன் பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை நேசக்குமார் சார் வந்தார். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், இந்த வேலை முழுவதும் அவர் பொறுப்பு. நல்ல மனுசன். வெயிலில் நின்று கறுத்துப்போனார், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் நம்பிக்கையோடு போய்ச் சொன்னாள். இது உப்பு மணல், கம்பியைத் தின்றுவிடும், வேறு மணல் வரும் வரை கூரை நிற்கட்டும், நாங்கள் தார்ப்பாயில் இன்னும் இரண்டு மாதம் இருந்துகொள்வோம் என்றாள். இல்லையென்றால் மணலைக் கழுவவாவது விடுங்கள், நானே கழுவுகிறேன், யாரும் ஒத்தாசைக்கு வேண்டாம் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிள்ளைகள் தப்பு விடை சொல்லும்போதும் இப்படித்தான் கேட்டிருப்பாராக இருக்கும்.

"ஒருத்தர் மனசார ஆண்டவருக்குன்னு குடுத்தத, நல்லா இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாதும்மா. நாளைக்கு அண்ணாச்சியே வாராவ. புரோகிராம் போட்டாச்சு. நீங்க விசுவாசமா இருங்க."

ஆண்டவர் கேட்டாரா உப்பளத்து மண்ணை? விசுவாசத்துக்கும் துருவுக்கும் என்ன சம்பந்தம்? அள்ளித் தூரப் போட வேண்டியதை அடுத்தவன் தலைக்கு மேல் போட்டுவிட்டு அதற்குக் காணிக்கை என்று பேர். இவர்கள் வீட்டு மாடிக்கு இந்த மணலில் ஒரு சட்டி, ஒரே ஒரு சட்டி, போட விடுவார்களா? இவ்வளவும் அவள் தொண்டை வரை வந்தது. சாரின் கறுத்த முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே நின்றுவிட்டது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏசுவடியானிடம் சொன்னபோது அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டால் நம்மை யார் திரும்பிப் பார்ப்பார்கள், விழும்போது விழட்டும், இப்போதைக்கு மேலே ஒன்று இருந்தால் போதும் என்றான். பெரியவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். விழும்போது யார் மேல் விழும் என்று ஞானதீபம் கேட்டாள். அவன் ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தான்.

சனிக்கிழமை விடியவும் இரண்டு பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு பக்கம் பிரியாணிக்கு அடுப்பு மூட்டினார்கள். கலவை மெஷின் மூன்று தடவை இழுத்தும் கிளம்பாமல் நாலாவது தடவை கிளம்பியது. அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று அதை ஓட விட்டார்கள். செல்வதுரை அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். அவருக்கு மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றும் ஒரு படம் எடுத்தார்கள். ஞானதீபத்தையும் ஏசுவடியானையும் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு குருவானவர் அங்கியைச் சரி செய்துகொண்டு, வேலை தொடங்குமுன் கண்களை மூடி ஜெபிப்போம் என்றார்.

அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். அவரும் சும்மா சொல்லக் கூடாது, நீளமாக ஜெபிக்கிற ஆள். வெள்ளத்தில் ஆரம்பித்து, நோவா காலத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு நன்கொடையாளராகப் பேர் சொல்லிக்கொண்டு வந்தார். ஞானதீபத்துக்குக் கண் மூடவில்லை. எதிரே குவியல். குவியலுக்குப் பக்கத்தில் புதுச் சட்டிகள் அடுக்கியிருந்தன. எழுந்தாள். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக வைத்தாள். மண்வெட்டியால் மூன்று வெட்டு. சட்டி நிறைந்தது. தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நேரே வாசல் பள்ளத்துக்குப் போனாள். பள்ளத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கொட்டினாள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து அடுத்த சட்டி. இத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்த உடம்புக்கு மூச்சு வாங்கியது, ஆனால் மூன்றாவது சட்டியில் பழைய நடை வந்துவிட்டது.

ஆமென் என்று எல்லோரும் சொன்னபோது அவள் ஏழாவது சட்டியோடு அவர்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பனியன் போட்ட ஒரு பெண் வழக்கம்போல ஓடி வந்து, அம்மா நீங்க உக்காருங்க என்று சட்டியில் கை வைத்தது. ஞானதீபம் நின்று அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பெண் கையை எடுத்துவிட்டது. நேசக்குமார் சார் அம்மா, அம்மா என்று பின்னாலேயே பள்ளம் வரை நடந்தார். ஏசுவடியான் தலையைக் குனிந்துகொண்டான். விக்டர் மெஷின் பக்கம் போய் நின்றுகொண்டான்.

மாலையோடு நின்ற செல்வதுரை அண்ணாச்சி, என்ன இது, மணலை எங்கே கொண்டுபோகிறாள் இவள் என்று பொதுவாகக் கேட்டார். அவள்தான் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, இதுக்குக் கீழ படுக்கப் போறது எம்பிள்ளைய. அஞ்சு வருசத்துல கம்பிய அரிச்சு விழுந்துரும். நீங்க உப்பு அள்ளுதவுக, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

விக்டர் மெஷினை அணைத்தான். அணைத்ததும்தான் தெரிந்தது, அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அறுபது பேர் நிற்கிற இடம். அவள் மண்வெட்டியை எடுத்தாள். குவியல் அப்படியே இருந்தது, ஏழு சட்டி குறைந்ததாகவே தெரியவில்லை. பொழுது சாயும் வரை சுமந்தாலும் பாதிகூடத் தீராது என்று அவளுக்குத் தெரியும்.

குருவானவர் தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை கண்களை மூடி ஜெபிப்போம் என்றார். அவர் மட்டும் மூடினார். மற்ற அத்தனை பேரும் கண்ணைத் திறந்தபடி நிற்க, எட்டாவது சட்டி அவர்களைக் கடந்து பள்ளத்துக்குப் போனது.