ஜாமீன் கையெழுத்து

மேலாளர் பத்மாவதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டரைப் பார்க்காமல் வேலுமணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பாப்பாவுக்கு மார்க் நல்லா இருக்குதுங்க அய்யா. நர்சிங் சீட்டும் கெடைச்சிரும். உங்க பேருலதான் சிக்கலா இருக்குது."

வேலுமணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு நார் மில்லில் தேங்காய் மட்டை ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. பேங்குக்கு வருவதற்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதன் காலர் மட்டும் கழுத்தில் ஒட்டாமல் விறைத்து நின்றது.

"நானு யாருகிட்டயும் ஒரு ரூவா கடன் வாங்குனதில்லீங்க மேடம்."

"நீங்க வாங்கலீங்க. மூத்த பாப்பா படிப்புக்கு வாங்குன லோன்ல நீங்க கூடக் கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. அது நாலு வருசமா கட்டாம நிக்குது. அவங்க கட்டலைன்னா நீங்களும் கட்டாத ஆளுன்னு பதிவாயிரும். சிபில் ஸ்கோர்னு சொல்றாங்கல்லங்க, உங்களுது அடியில கெடக்குது. இத வெச்சுட்டு சின்ன பாப்பா அப்ளிகேசன நான் மேல அனுப்புனா அடுத்த நாளே திரும்பி வந்துரும்."

மூத்த பாப்பா கயல்விழி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அறையில் இரண்டு நாற்காலிகள்தான். இன்னொன்றில் தங்கை இனியா, மடியில் பிளாஸ்டிக் உறையில் தன் சான்றிதழ்களோடு. கயல்விழிக்கு இனியாவின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அம்மா இறந்தபின் அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டது கயல்விழிதான். இப்போது அது திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"எங்க வசூல் ஆளுங்க ரெண்டு தடவ மில்லுக்கே வந்து சொன்னாங்களே. ஓனர் முன்னாலதான் சொன்னாங்களாம். வந்தாங்கல்லங்க?" என்றார் பத்மாவதி.

வேலுமணி தலையாட்டினார். "வந்தாங்க. புள்ள கட்டீரும்னு சொல்லியனுப்பீட்டனுங்க."

கயல்விழிக்கு இது புதிய செய்தி. இரண்டு வருடத்துக்கு முன்பு கடனைக் கேட்டு ஓயாமல் அழைப்புகள் வந்துகொண்டிருந்தபோது அவள் பழைய சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது எண் வாங்கினாள். அழைப்புகள் நின்றன. அவர்களாகவே ஓய்ந்துவிட்டார்கள் என்றுகூட நம்பத் தொடங்கியிருந்தாள். அவர்கள் ஓயவில்லை, வழியை மாற்றிக்கொண்டு மட்டைக் குவியலுக்கு நடுவே போய் அப்பாவின் முன்னால் நின்றிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும், "மதியத்துக்கு மேல லோடு வருது" என்று சொல்லிவிட்டு அப்பா மில் பக்கம் நடந்தார். கயல்விழிக்குக் கோயம்புத்தூரில் மாலை ஷிப்ட். இனியா பஸ் ஏற்றிவிட வந்தாள். வண்டி கிளம்பும்வரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோயம்புத்தூர் வரை கயல்விழி கண்ணை மூடியே வந்தாள், தூங்கவில்லை. அவள் எலக்ட்ரானிக்ஸ் படித்த காலத்தில் ஊரில் எல்லோரும் இஞ்சினியரிங்தான் படித்தார்கள். படித்து முடித்தால் சம்பளம், சம்பளத்தில் தவணை, நாலைந்து வருடத்தில் கடன் முடியும் என்று எல்லோருமே கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் வேலை குறிச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் கிடைத்தது. ஒழுங்காகத்தான் கட்டினாள். கொரோனா வந்தது, கம்பெனியை மூடினார்கள். அந்த வருடம் முழுக்க வீட்டில் இருந்தாள். மறுபடி வேலை கிடைத்தபோது பாக்கி எட்டிப்பிடிக்க முடியாத தூரத்துக்குப் போயிருந்தது. அதன்பின் அந்தத் தொகையை நினைப்பதையே விட்டுவிட்டாள். வீட்டில் ஓர் அறையைப் பூட்டிப்போட்டுவிட்டு மற்ற அறைகளில் வாழ்வதைப் போல.

இப்போது சரவணம்பட்டிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் மேசையில் வேலை. நோயாளிகளின் ஆவணங்களைக் கம்பெனிக்கு அனுப்பி, அனுமதி வந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வரவில்லை என்று சொல்கிற நாட்கள்தான் அதிகம். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள். பத்மாவதி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து அவளே வசூல் ஏஜென்சியைக் கூப்பிட்டாள். உவைஸ் என்ற பையன் பேசினான். உக்கடத்துக்காரன், மரியாதையாகப் பேசினான்.

"அக்கா, நீங்களா கூப்புட்டது சந்தோசம்க்கா. இப்ப செட்டில்மெண்ட் ஸ்கீம் ஓடுதுங்க. ஒன்றரை லட்சம் ஒரே தடவையா கட்டுங்க. மீதிய தள்ளுபடி பண்ணீருவாங்க. மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும். முடிச்சுபோட்டீங்கன்னா அதோட தலைமுழுகீரலாம். நானும் கூப்புட மாட்டேன், யாரும் கூப்புட மாட்டாங்க."

யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தச் சொல் அவளுக்கு என்னவோ செய்தது. மருத்துவமனைக் கேண்டீனில் ஆறிப்போன காப்பியின் முன்னால் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளால் புரட்ட முடிகிற தொகைதான். மூன்று வருடமாகக் கட்டிவரும் ஏலச்சீட்டு, கொஞ்சம் பிஎஃப், ஸ்கூட்டரை விற்றால் வருவது. பக்கத்து மேசை இஸ்மத்திடம் சொன்னாள். அறையில் கயல்விழியோடு தங்கியிருப்பவளும் அவள்தான்.

"முடிச்சுபோடு கயலு" என்றாள் இஸ்மத். "நீ நல்ல செருப்பு வாங்கி எத்தன நாளாச்சு? மொதல்ல நீ மூச்சு விடு."

முடித்துவிடுவதென்றே இருந்தாள். கடைசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று பத்மாவதிக்குப் போன் செய்ததுதான் வினையாயிற்று.

"கட்டலாம்ங்க, தப்பில்ல" என்றார் பத்மாவதி. "ஆனா ரெக்கார்டுல முடிஞ்சதுன்னு வராது, செட்டில்டுன்னுதான் வரும். முழுசாக் கட்டாம பேசி முடிச்சாங்கன்னு அர்த்தம். உங்க பேருலயும் நிக்கும், அப்பா பேருலயும் நிக்கும். வருசக்கணக்கா போகாது. தங்கச்சி லோனுக்கு அது ஒதவாதுங்க."

"வேற வழி என்னங்க மேடம்?"

"இதுவரைக்கும் நின்னுபோன தவணை எல்லாத்தையும் மொத்தமா கட்டிருங்க. அதுவும் கிட்டத்தட்ட அதே தொகைதான் வருது. கணக்கு மறுபடி உயிராயிரும். ஒண்ணு ரெண்டு மாசத்துல ஸ்கோர் மேல வரும். அப்ப நான் எழுதி அனுப்பறேன். மீதிக் கடன நீங்க மாசாமாசம் கட்டிட்டு வரணும்."

"எத்தன வருசத்துக்குங்க?"

பத்மாவதி காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆகுமுங்க" என்றார்.

ஒரே பணம்தான். அதைக் கொண்டுபோய் ஒரு கவுண்டரில் போட்டால் அவளுக்கு விடுதலை. இன்னொரு கவுண்டரில் போட்டால் செத்துக்கிடந்த கடன் எழுந்து உட்கார்ந்து மாதாமாதம் கைநீட்டும். ஆனால் இனியா படிப்பாள். உதவித்தொகை உண்டுதான். அது வருடக் கடைசியில் வரும்; கல்லூரியோ முதலிலேயே கட்டச் சொல்லும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அது போதவும் போதாது. கயல்விழி இரண்டு மூன்று நாள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. செட்டில்மெண்ட் போட்டுவிட்டு, வேறு வழியே இல்லை என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் அவளை அதிர்ச்சியடையச் செய்யவில்லை. அதிர்ச்சியடையக்கூட அலுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். அப்பா குளித்துவிட்டு வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு குளித்தாலும் நகக்கண்ணில் மட்டைத்தூள் இருந்தது. கயல்விழி இரண்டு வழியையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"மில்லுக்கு வந்தத ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீ அப்ப ஊட்டுக்கு வந்தீன்னா சோறே திங்காம சொவத்தப் பாத்து உக்காந்திருப்ப. அதுக்கு மேல நானு என்னத்தச் சொல்றது?" துண்டை உதறிக் கொடியில் போட்டார். "உனக்கு எது சுலுவோ அதச் செய்யி கண்ணு."

அவர் திட்டியிருக்கலாம். தங்கச்சி படிக்கணும் என்று கட்டளையாகச் சொல்லியிருக்கலாம். எதையாவது ஒன்றை அவர் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே இனியா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் முதுகிலேயே தெரிந்தது. கயல்விழி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ பாக்கியக் கட்டுனா எனக்கு லோன் குடுப்பாங்களாக்கா?"

"குடுப்பாங்க. ஸ்கோர் ஏறோணும், அவ்வளவுதான்."

இனியா தோசையைத் திருப்பிப் போட்டாள். "நானும் உன்னாட்டம் ஆயிருவனா?"

கயல்விழி பிட்ட தோசையைக் கையில் வைத்திருந்தாள்.

"நர்ஸ் வேலைக்கு எப்பவும் ஆள் கேட்டுட்டேதான் இருக்கறாங்க இனி. எங்க ஆஸ்பத்திரிலயே பாக்கறனே."

"உனக்கும் அப்படித்தான சொன்னாங்க."

தங்கை கோபமாகக் கேட்கவில்லை. சந்தைக்குப் போகிறவள் விலை விசாரிப்பதைப் போல நிதானமாகக் கேட்டாள். அதுதான் கயல்விழிக்குத் தாங்கவில்லை. பதினெட்டு வயதில் தான் கையெழுத்துப் போட்டபோது இப்படி ஒரு கேள்வி மனதில் எழுந்ததா என்று யோசித்தாள். எழவில்லை. பேங்கில் கொடுத்த பேனா நன்றாக எழுதியது என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது.

"படிக்கோணும்னு இருக்குதா இல்லயா? அத மட்டும் சொல்லு."

"இருக்குது" என்றாள் இனியா. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "ஆனா எனக்காகத்தான் கட்டுனேன்னு நாளைக்குச் சொல்லிக்காட்டாத. அத எனக்குத் தாங்க முடியாது" என்றாள்.

மறுவாரம் சீட்டுப்பணம் வந்தது. ஸ்கூட்டரைக் கணபதிப் பக்கம் ஒருவர் எடுத்துக்கொண்டார். கயல்விழி ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போனாள். பேங்கில் வரிசையில் நிற்கும்போது உவைஸ் கூப்பிட்டான். செட்டில்மெண்ட் வேண்டாம், நின்றுபோன தவணைகளைக் கட்டப்போகிறேன் என்று சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

"சரிங்க்கா. நல்லபடியா கட்டுங்க. எனக்குத்தான் இந்த மாசம் டார்கெட் போச்சு."

பணம் கட்டிய ரசீதை வாங்கியபோது தியாகம் செய்த நிறைவெல்லாம் அவளுக்கு வரவில்லை. கால் வலித்தது. நீண்ட நாள் விட்டுப்போன ஒரு வேலைக்கு மறுபடி சேர்ந்த முதல் நாள் போல இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். சம்பளம் வந்த அன்றே தவணை போய்விடும். இஸ்மத் தன்னிடமிருந்த இன்னொரு ஜோடி செருப்பைக் கயல்விழியின் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்து, "எனக்குக் கடிக்குது, நீ போட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கோர் ஏறியது. நினைத்த அளவுக்கு இல்லை. முதல் முறை அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பத்மாவதி விளக்கம் எழுதி மறுபடி அனுப்பினார். அதற்குள் கல்லூரிக் கட்டணத்தின் முதல் தவணைக்கு நாள் நெருங்க, அப்பா மில் ஓனரிடம் முன்பணம் கேட்டு வாங்கினார். எந்த ஓனர் முன்னால் வசூல்காரர்கள் வந்து நின்றார்களோ அதே ஓனரிடம். எப்படிக் கேட்டார் என்று அவர் சொல்லவில்லை. அதன்பின் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார்.

ஐப்பசி பிறந்ததும் கடன் அனுமதியானது. கையெழுத்துப் போட மூவரும் போனார்கள். இந்த முறை யாரோ மூன்றாவது நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இனியா விறுவிறுவென்று போட்டுவிட்டாள். காகிதங்கள் வேலுமணியிடம் வந்தன. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க மேடம், இன்னொருக்கா போடறதுல ஒண்ணும் ஆவாதுங்களே?"

பத்மாவதியின் பார்வை ஒரு கணம் கயல்விழிமேல் வந்து போனது.

"புள்ளைங்க பாத்துக்குவாங்க, போடுங்க" என்றார்.

வேலுமணி போட்டார். பக்கம் பக்கமாக, ஒவ்வொரு எழுத்தாக. அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

இனியாவின் கல்லூரி சரவணம்பட்டியைத் தாண்டி இருந்தது. சேர்கிற நாளில் அப்பாவுக்கு லோடு இருந்ததால் கயல்விழி மட்டும் கூடப் போனாள். விடுதிக்கு எதிரே இருந்த கடையில் வாளி, மக்கு, பூட்டு, துணிக்கயிறு எல்லாம் விற்றார்கள். இனியா ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தாள். பார்த்ததை நிமிர்த்தி வைக்காமலே அடுத்ததற்குப் போனாள். கடைக்காரர் முகம் சுளித்தார். இருப்பதிலேயே விலை குறைந்த சிவப்பு வாளியை எடுத்தாள். அதன் கைப்பிடிப் பக்கத்தில் லேசாக ஒரு கீறல்.

"நல்லதா எடு இனி. நாலு வருசம் வரோணும்."

"இது போதும்க்கா."

பணம் கொடுத்து வெளியே வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடைக் கூரைக்கு அடியில் இருவரும் ஒண்டி நின்றார்கள். எதிர்ப்புறம் விடுதி வாசலில் காவலாளி குடையோடு நின்று, நேரமாச்சு, உள்ளே வாங்க என்று கையசைத்துக் கூப்பிட்டார். கயல்விழிக்கும் ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நல்லா படி என்று சொல்லலாம். பயப்படாதே என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதில் பணம் ஒட்டிக்கொண்டு வரும் போலிருந்தது.

"போயிட்டு வாரேன்க்கா" என்றாள் இனியா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மக்கையும் பூட்டையும் துப்பட்டாவில் சுற்றி மார்போடு அணைத்தாள். வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ரோட்டைக் கடந்தாள். அவள் முகம் தெரியவில்லை. சிவப்பு வாளியின்மேல் மழை தெறித்துச் சிதறியது. காவலாளி குடையைச் சாய்த்து வழிவிட்டார்.