காஸ்தமான் வேரும் வெறுங்கிண்ணமும்

1

இந்தக் கதை ஒரு கிண்ணம் சீம்பாலில் பிறந்தது. நேற்றுக் காலை ஜிபார் கொண்டுவந்து தந்தாள். இரண்டு வருடமாக என் கண்ணைப் பார்க்காதவள். எங்களிடம் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கமில்லை. என்ன வைப்பது என்று தெரியாமல் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘மலைச்சரிவெல்லாம் நீலப் பூக்கள் கண்சிமிட்ட, தென்றல்...’

அடித்துவிட்டேன். மலையில் காஸ்தமான் செடியை யார் நின்று பார்க்கிறார்கள்? ஆடு மிதிக்கும், பனி மூடும், மறுவருடம் முளைக்கும்.

இரண்டாவது: பிஷ்கேக் நகரில் குல்சுன் அக்காவின் தோட்டத்தில் அதே காஸ்தமான் பெயர்ப்பலகையோடு நின்றது. [வாத்துப் பாதம் என்று பொருள், இலையைப் பார்த்தால் தெரியும்.] வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்ததாம். களை எடுக்க வந்த ஜிபார் முதல் நாளே சிரித்தாள்.

“நம்ம புல்லுதான். ஊர் சுத்திட்டு விசாவோட வந்திருக்கு!”

3

ஜிபாரின் ஒரே கிடாரிக்கன்றுக்குக் கழிச்சல் கண்டது. காஸ்தமான் வேரை இடித்துக் காய்ச்சி ஊற்றினால் நிற்கும். மலைக்குப் போய்வர இரண்டு நாள். கன்று அதுவரை தாங்காது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் செடியைத் தோண்டினாள். வேரில் பாதியை மடியில் கட்டினாள். மீதியைத் திரும்ப நட்டு மண்ணை அழுத்தினாள்.

“கோவிச்சுக்காத,” என்றாள் செடியிடம். [இதை நான் கேட்கவில்லை. சொல்லியிருப்பாள்.]

மறுநாள் இலைகள் தொங்கிவிட்டன. குல்சுன் அக்கா தண்ணீர் விடுகிறவனைக் கூப்பிட்டாள்.

“என்னய்யா, செடிக்குத் தண்ணி விட்டியா, குளம் வெட்டினியா?”

ஜிபார் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இந்த வேலையும் போனால் அவளுக்கு...

[இதை முடிக்க எனக்கு உரிமையில்லை.]

அவள் பாவாடை மடியில் முந்தின நாள் வேர்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர்க்காரன் அதைப் பார்த்தான்.

“ஆமாக்கா, கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றான். அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள்.

4

அவன் யாரென்று கண்டுபிடித்திருப்பீர்கள். ஐம்பது வயதில் எழுத்துக் கூட்டியவனுக்கு அதற்குமேல் மறைக்கத் தெரியாது.

ஒரு வரைவில் அவளைத் திருடி என்று எழுதினேன். இன்னொன்றில் என்னை மகானாக்கினேன். இரண்டும் பொய். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சந்தையில் மூட்டை தூக்கினேன். ஒவ்வொரு மூட்டைக்கும் அவளைத் திட்டினேன். என் முதுகைக் கேட்டால் இன்னும் திட்டும்.

செடி சாகவில்லை. இருபது நாளில் துளிர்த்துவிட்டதாம். பாதி வேர் போதும் அதற்கு.

5

நேற்று வாசலில் நடந்தது இவ்வளவுதான்:

“அந்தக் கன்னு ஈனிருச்சு, அண்ணே. முதப் பாலு.”

“தெரியும்.”

அவள் நிமிர்ந்தாள். “எப்பலேர்ந்து தெரியும்?”

“பாலக் குடு, ஆறிடும்.”

கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உலர்ந்த பாதாமிப் பழம் வைத்துக் கொடுத்தால் மரியாதை முடிந்தது, பேச்சும் முடிந்தது. என் வேலியோரம் ஒரு காஸ்தமான் நிற்கிறது. [முற்றிய காய் விதையைச் சுண்டி எறியும். அன்று என் கால்சட்டை மடிப்பில் ஏறி வந்திருக்கலாம்.] புதுக்கன்றுக்கு உதவுமே என்று அதன் வேரில் ஒரு துண்டு வைக்கலாம். அக்கறை என்று எடுத்துக்கொள்வாளா, குத்திக்காட்டுகிறேன் என்று நினைப்பாளா? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

கிண்ணம் கழுவியாயிற்று. உங்கள் கையில் தருகிறேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, நீலக் கதவு. வெறுங்கிண்ணமாக மட்டும் கொண்டுபோகாதீர்கள்.