படுத்திருக்கும் எட்டு

"அப்பா, இந்த எட்டு மட்டும் ஏன் படுத்துக்கிட்டு இருக்கு?"

பிரிட்டாவுக்கு அப்போது ஆறு வயது. வெண்டெல் ஹௌகனின் மடியில் உட்கார்ந்து, அவனுடைய லென்ஸ் வளையத்தில் பொறித்திருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தாள். கடைசியில் இருந்த ∞ குறியில் விரல் நின்றது.

வெண்டெல் அந்தக் குறியைப் பார்த்தான். "ரொம்பத் தூரம் நடந்து வந்திருக்குல்ல, அதான் அசந்து படுத்திருக்கு," என்றான். "வளையத்தை அது வரைக்கும் திருப்பி விட்டுட்டா, கப்பல் எவ்வளவு தூரத்துல போனாலும் தெளிவா விழும். அதுக்கப்புறம் திருப்ப இடமே கிடையாது."

பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் துலூத் துறைமுகத்தில் கப்பல்களைப் படம் எடுக்கும் கூட்டத்துக்கு இது அடிப்படைப் பாடம். கேமரா புதிதாக இருக்கலாம். அதில் மாட்டுகிற லென்ஸ் ஐம்பது வயதுக் கிழமாக இருந்தால்தான் அவர்களுக்கு மரியாதை. தானே பார்த்துத் தானே திருப்பிக்கொள்ளும் புது லென்ஸ்களை அவர்கள் சோம்பேறிக் கண்ணாடி என்பார்கள். கையுறை போட்ட விரல்களால் ஏரிக்காற்றில் நின்று நுணுக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. எனவே வளையத்தைப் படுத்த எட்டுவரை கொண்டுபோய், முட்டி நின்றதும் விட்டுவிடுவார்கள். அங்கே முட்டினால் உலகமே தெளிவு.

பிரிட்டா வளர்ந்து, கடல்சார் கல்லூரியில் படித்து, இந்த மார்ச் மாதம் 'எலினோர் ஸ்வைன்' என்ற இரும்புத்தாதுக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாகச் சேர்ந்தாள். குளிர்காலம் முழுக்கத் துறைமுகத்தில் கட்டிக்கிடந்த கப்பல், பனி உடைந்ததும் முதல் பயணம் புறப்பட்டது. வெண்டெல் கப்பல்களில் தாது ஏற்றும் மேடையான தாதுத்துறையில் வேலையில் இருந்தான். மேற்பார்வையாளர் பத்து நிமிடம் விட்டார். அவன் துறையின் உச்சி நடைபாதைக்கு ஏறி, போன இலையுதிர்காலக் கடைசியில் வாங்கி, இன்னும் ஒரு கப்பலையும் எடுத்திராத பழைய நீள லென்ஸை மாட்டிய கேமராவோடு காத்திருந்தான்.

கப்பல் கால் மைல் தள்ளிப் போனது. முன்தளத்தில் ஆரஞ்சு நிற அங்கி போட்ட ஒரு சிறு உருவம். அப்பா நிற்பது தெரிந்த கேப்டன், கரைக்கு மரியாதையாக மூன்று நீளம், இரண்டு குட்டையாகக் கப்பல் சங்கை ஊதினார். அந்த உருவம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியது. வெயில் கேமராத் திரையில் பட்டுக் கண் கூசியதால் வெண்டெலுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. வளையம் படுத்த எட்டில் முட்டி நின்றது. பதினோரு படம் எடுத்தான்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், பதினொன்றும் நீராவிக்குப் பின்னால் இருந்து பார்த்தது போல இருந்தன.

அவன் மனைவி மார்லிஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இதுல பிரிட்டா எங்க?"

"அதோ."

"அது உரிச்சு வச்ச ஆரஞ்சுப் பழம் மாதிரியில்ல இருக்கு."

"மார்லிஸ், நான் சிரிக்கிற நிலையில இல்ல."

அவன் சோதித்துப் பார்த்தான். கொல்லையில் குருவிக்குத் தீனி வைக்கும் கூண்டு, குருவியின் மூக்கோர மயிர்வரை தெளிவாக விழுந்தது. அதைத்தானே குளிர்காலம் முழுக்க எடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் குன்றின் மேலிருந்த வானொலிக் கோபுரங்கள் கரைந்து போயிருந்தன. லென்ஸுக்குத் தூரம் எட்டவில்லை. தூரம் எட்டாத லென்ஸைக் கப்பல் படம் எடுப்பவனுக்கு விற்றிருக்கிறார்கள்.

விற்றவர் ஓர்வல் ரவுட்டியோ. எழுபத்தாறு வயது. ஒவ்வோர் ஏப்ரலும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் பழைய கேமராச் சந்தையில் அவருக்கு ஒரு மேசை உண்டு. ஊர் ஊராகப் பொறுக்கிவந்த லென்ஸ்களைத் துடைத்துச் சரிசெய்து வைப்பார். மற்ற மாதங்களில் கேட்டு வருபவர்களுக்கு வீட்டிலேயே கொடுப்பார்; வெண்டெலும் அப்படித்தான் வாங்கினான். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் ஒரு சீட்டு தொங்கும்: 'கலங்கரை விளக்கத்தைப் பார்த்துச் சோதித்தது. ஓ.ர.' அந்தச் சீட்டு இருந்தால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். மனைவி போன பிறகு அவருக்கு ஆண்டில் ஒரு நாள் திருநாள் என்றால், அந்த மேசைதான்.

வெண்டெலின் லென்ஸிலும் சீட்டு தொங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கொதித்தது. நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்துக் கோபப்படும்போது மனிதனுக்குப் பசி கூட எடுப்பதில்லை. ஞாயிறுவரை அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு வழிபாடு முடிந்து எல்லோரும் காபிக்குக் கீழ்த்தளத்தில் கூடினார்கள். ஒருவர் பிழையை ஒருவர் மன்னிக்க வரம் கேட்டு ஜெபித்துப் பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது. வெண்டெல் நேராகப் போய், ஓர்வலின் எலுமிச்சைக் கேக் தட்டுக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்தான்.

"ஓர்வல், இந்தச் சீட்டுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதேதான்."

"அப்படின்னா பொய் எழுதியிருக்கீங்க."

காபி வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பொண்ணு முதல் தடவையா அதிகாரியா கப்பல்ல போறா. எனக்குக் கை காட்டறா. பதினோரு படத்துலயும் அவளுக்கு மூஞ்சியே இல்ல! இப்போ என்ன பண்ணலாம்? கப்பலைப் பின்னாடி எடுத்து மறுபடி ஒரு தடவை வாங்கன்னு கேப்டன்கிட்ட கேக்கவா?"

ஓர்வல் லென்ஸை எடுத்து, தலையைச் சற்றுச் சாய்த்து இடது கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் பொருத்தும் உலோக வளையம் அதன் அடியிலேயே திருகியிருந்தது. லென்ஸும் வளையமும் சேரும் இடத்தை அவருடைய கட்டைவிரல் நகம் மெல்லத் தடவியது. ஓரிடத்தில் நின்றது. பிறகு உள்ளங்கை முழுவதையும் அதன் மேல் மூடிக்கொண்டார்.

"இந்த வளையம் எப்பவும் இதுலயே மாட்டியிருக்குமா?"

"ஒரு லென்ஸுக்கு ஒரு வளையம், மாட்டினா கழட்டக் கூடாது. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். பேச்சை மாத்தாதீங்க."

"மாத்தலைப்பா. ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டும்."

"கையை வச்சு எதை மறைக்கிறீங்க?"

ஓர்வல் கையை எடுக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து கிளென் என்பவன் தொண்டையைக் கனைத்தான். "உங்க சீட்டை நம்பி நானும் ரெண்டு வாங்கியிருக்கேன், ஓர்வல்."

"கொண்டு வா கிளென், பாத்திடலாம்," என்றார் அவர். கேக்கைத் தொடாமலே கோட்டை மாட்டிக்கொண்டு, லென்ஸோடு போனார்.

காரில் மார்லிஸ் வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும் சொன்னாள். "தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல? அந்த மனுஷன் மூஞ்சி வெளுத்துப் போச்சு."

"வெளுக்கத்தான் செய்யும். மாட்டிக்கிட்டார் இல்ல!"

செவ்வாய் மாலை, கம்பளிக் காலுறைக்குள் சுற்றிய லென்ஸ் வெண்டெல் வீட்டு வாசலில் இருந்தது. கழுத்தில் புதுத் தேதியோடு அதே சீட்டு. அவன் உடனே கேமராவில் மாட்டிக் குன்றைப் பார்த்தான். கோபுரத்தின் கம்பிகளை எண்ணலாம் போல அத்தனை தெளிவு.

கோபம் இரட்டிப்பானது. "பாத்தியா! கமுக்கமா சரி பண்ணி வாசல்ல வச்சிட்டுப் போயிருக்கார். கோளாறு இல்லாட்டி எதுக்கு சரி பண்ணணும்? ஒரு வார்த்தை, ஒரு மன்னிப்பு, ஒண்ணும் கிடையாது!" இதை மார்லிஸிடம் சொன்னான், தாதுத்துறையில் சொன்னான், கிளெனுக்குத் தொலைபேசியில் சொன்னான். கிளென் வேறு யார் யாருக்கோ சொன்னான். வெள்ளிக்கிழமைக்குள் செய்தி ஒன்று திரும்பி வந்தது: இந்த ஆண்டுச் சந்தையில் தனக்கு மேசை வேண்டாம் என்று ஓர்வல் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"நல்லது," என்றான் வெண்டெல். சொன்ன சொல் வாய்க்குள் ருசிக்கவில்லை.

சனிக்கிழமை அந்த லென்ஸை மறுபடி எடுத்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. திருகி முழுக்க உட்காரவைத்தால் எண்கள் எல்லாம் அடிப்பக்கம் போய்விடுகின்றன. படுத்த எட்டைப் பார்க்கக் கேமராவைக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது. "இதையும் தலைகீழாக்கி வச்சிருக்கார் கிழவர்!" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கொட்டகைக்குப் போனான். இதற்கு வைத்தியம் அவனுக்குத் தெரியும். லென்ஸுக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய அட்டையில் நடு ஓட்டையோடு ஒரு வட்டம் வெட்டி வைத்தால், திருகு அரைச் சுற்று முன்னதாகவே நின்றுவிடும்; எண்கள் மேலே வந்துவிடும். காலை உணவுக்கான சோள அவல் பெட்டியின் அட்டை அதற்கு அளவெடுத்தது போலப் பொருந்தும்.

பலகையில் கிடந்த காலிப் பெட்டியை எடுத்துக் கத்தரிக்கோலைத் திறந்தான். பெட்டியின் முதுகில் அச்சிட்டிருந்த கரடிக்கு முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில், லென்ஸ் அளவுக்கு வட்டமாக ஓட்டை.

அவன் கை அப்படியே நின்றது.

ஜனவரியில், இதே பலகையில், இதே கத்தரிக்கோலால் வெட்டியவன் அவன்தான். அன்று வளையத்தை மாட்டியவன் பிறகு கழற்றவே இல்லை, மறந்தும் போனான். லென்ஸ் ஓர் அட்டையின் கனத்துக்கு முன்னால் தள்ளி நின்றாலும் போதும், பக்கத்தில் இருப்பதுதான் அதற்குத் தெரியும், தூரம் கை நழுவிவிடும். இதுவும் ஊருக்கே தெரிந்ததுதான். குருவி தெளிவாக விழுந்ததற்கும் மகள் கரைந்து போனதற்கும் காரணம் அந்தக் கரடியின் மூஞ்சி.

ஓர்வலின் நகம் எங்கே நின்றது, உள்ளங்கை எதை மூடியது என்பது இப்போது புரிந்தது. அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மறைத்தது தன் குற்றத்தை அல்ல.

பெட்டியோடு நேரே ஓர்வல் வீட்டுக்குப் போனான். கதவு திறந்ததும் வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"அட்டையைப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"அங்கேயே பிச்சு என் மூஞ்சில எறிஞ்சிருக்க வேண்டியதுதானே? ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"உனக்கு ஏற்கனவே ஒரு பெரிய நஷ்டம்," என்றார் ஓர்வல். "பொண்ணு படம் போச்சு. அது உன் கையாலயே போச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிப்பா சொல்றது? மார்லிஸ் வேற காபி ஊத்திக்கிட்டு நிக்கிறா."

"அதுக்காக ஊரே உங்களைத் திருடன்னு பேசட்டும்னு விட்டுட்டீங்களா? இது என்ன நியாயம்? நீங்க நல்லவரா இருந்து என்னை எவ்வளவு கெட்டவனாக்கிட்டீங்க தெரியுமா?"

"அடேயப்பா, இதுக்கும் எங்கிட்டத்தான் கோபமா?" ஓர்வல் சிரித்துவிட்டார். "உள்ள வா. குளிர் அடிக்குது. அந்தக் கரடியையும் கூட்டிக்கிட்டு வா."

மறுநாள் காபி வேளையில் வெண்டெல் நாற்காலி மேல் ஏறி நின்றான். ஓட்டைப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்து, அதன் வழியே எல்லோரையும் பார்த்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். "பொய் சொன்னது ஓர்வல் இல்ல. பொய் சொன்னது நான், அதுவும் சத்தமா," என்று முடித்தான்.

"முன்னாடி இருந்த கரடியே லட்சணமா இருந்துச்சு," என்றான் கிளென். சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ஓர்வல் தன் கேக்கை முழுதாகச் சாப்பிட்டார். சந்தையில் அவருடைய மேசை மறுபடி இடம் பிடித்தது.

ஆனால் வெண்டெலுக்கு மனம் நிறையவில்லை. ஊர் முன்னால் கெடுத்ததை ஊர் முன்னால் திருத்தியாயிற்று. யாருக்கும் தெரியாமல் அவர் தனக்காகச் செய்தது மட்டும் கைம்மாறு இல்லாமல் நின்றது.

சந்தை நாள் காலையில் ஓர்வலின் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தவன் அவன்தான். தேவாலய வாசலில் இறக்கியதும், மேசைக்கு விரிப்பு எடுத்து வருவதாகச் சொல்லி ஓர்வல் தேவாலய மாடிக்குப் போனார். படிகளில் வலது கைப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். அவருடைய வலது கண்ணில் புரை விழுந்திருப்பது வெண்டெலுக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கண் மட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து ஏரியும் கலங்கரை விளக்கமும் தெரிந்தன. அவன் தன் கேமராவை எடுத்து, பெட்டியில் இருந்த லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். பதினேழு. பதினாறு அப்பழுக்கில்லாதவை. கடைசி ஒன்றில் வளையம் படுத்த எட்டுக்குப் போய் முட்டிய பிறகும் கலங்கரை விளக்கம் லேசாக மங்கியே நின்றது. கழுத்தில் சீட்டு தொங்கியது, நடுங்கிய எழுத்தில்: 'சோதித்தது. ஓ.ர.'

வெண்டெல் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். யாரும் இல்லை.

சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தான். எண்கள் பொறித்த வளையத்தைப் பிடித்திருந்த மூன்று கடுகளவு திருகுகளைத் தளர்த்தினான். கலங்கரை விளக்கத்தின் கைப்பிடிக் கம்பிகள் தனித்தனியாகத் தெரியும்வரை உள்ளே இருந்த கண்ணாடியை நகர்த்தினான். படுத்த எட்டை நேரே கொண்டுவந்து நிறுத்தி, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். மறுபடி பார்த்தான். கம்பிகள், அதன் மேல் ஒரு கடற்பறவை.

சீட்டு முறுக்கிக்கொண்டிருந்தது. அதை நேராக்கி, எழுத்து மேலே வரும்படி திருப்பி, லென்ஸைப் பெட்டியில் அதன் குழியிலேயே வைத்தான். பிறகு பெட்டியை மூடி, தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினான்.