அமரர் லாசரஸ் நினைவு விருது

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் தன் படத்துக்கு மாலை போட்டுச் சிவப்பு விளக்கும் எரியவிட்டிருப்பதைத் தெருவிலிருந்து பார்த்தபோது, லாசரஸின் கையில் ஒரு பொட்டலம் வடை இருந்தது. வடை கையைச் சுட்டது. ஆகவே தான் சாகவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு அவர் மாடியேறினார்.

வாசலில் 'தென்கிழக்காசிய எல்லைகடந்த இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்' என்று ஒரு பலகை. சங்கத்தின் அறையைவிடப் பலகை நீளம். உள்ளே தலைவர் விஸ்வலிங்கம் உட்கார்ந்திருந்தார். துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம், வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையாதவர். பக்கத்தில் பொருளாளர் இஞ்ஞாசி. லாசரஸ் போகிற அதே மாதா கோயிலுக்குப் போய், பின்பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொள்கிறவர்.

இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்தார். "சேசு மரி சூசையே!" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஏன்யா, என் படத்துக்கு எதுக்கு மாலை?" என்றார் லாசரஸ்.

விஷயம் இதுதான். கடலையும் ஆற்றையும் காற்றையும் எல்லை பாராமல் காப்பாற்றுகிறவருக்கு ஆண்டுதோறும் ஒரு விருது கொடுப்பதென்று சங்கம் முடிவு செய்திருந்தது. இந்த நாட்டையும் சேர்த்து நாலு நாட்டுக்கும் பொதுவான விருது. மலேசியாவின் பிரதிநிதி, ஜொகூர் பாருவில் மரவாடி வைத்திருக்கும் தலைவரின் மைத்துனர். இந்தோனேசியாவின் பிரதிநிதி, தஞ்சோங் பினாங்குக்குத் துணி விற்கப் போய்வரும் ஒருவர். இலங்கையைத் தலைவரே பார்த்துக்கொண்டார். எல்லாவற்றிலும் ஒற்றுமை இருந்தது, விருதுக்கு யார் பெயர் வைப்பது என்பதைத் தவிர. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு பெயரை மனதில் வைத்திருந்தார். எல்லாம் அவரவர் பெயர். ஒருவர் பெயரை வைத்தால் மற்றவர்கள் சங்கத்தை உடைத்துவிடுவார்கள் என்பது தெரிந்ததும், செத்தவர் யாராவது கிடைப்பாரா என்று தேடினார்கள்.

அப்போது இஞ்ஞாசி கொண்டுவந்ததுதான் அந்தப் பழைய பத்திரிகைப் படம். எழுபத்தைந்தில் ஜலசந்தியில் ஒரு எண்ணெய்க் கப்பல் தரைதட்டிக் கடலெல்லாம் கறுத்தபோது, இழுவைப் படகில் வேலை பார்த்த லாசரஸ், எண்ணெயில் தோய்ந்த ஒரு பறவையை மார்போடு அணைத்து நிற்கும் படம்.

"நீ செத்துட்டேன்னு நான் கோயில்லயே கேட்டேனேப்பா!" என்றார் இஞ்ஞாசி. "ஆத்துமாக்கள் மாசத்துல சாமியார் வாசிச்சாரே, மரித்த லாசரஸ் ஆத்துமத்துக்காகன்னு."

"அது எங்க தாத்தாய்யா! எங்க வீட்டுல தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்போம். வருசா வருசம் அவருக்குப் பூசை வைக்கிறோம். நீ தூக்கத்துல பேரை மட்டும் கேட்டுட்டு என்னைப் புதைச்சிட்டியா?"

விஸ்வலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் உயிரோட இருக்கிறது எங்களுக்கும் சந்தோசம்தான் காணும். ஆனா அழைப்பிதழ் அடிச்சாச்சு. நாலு நாட்டுக்கும் கடிதம் போயிட்டுது. 'அமரர்' எண்டு பொன்னெழுத்தில போட்டிருக்கு."

"பேரை வச்சுக்குங்க சார். மாலையையும் வெளக்கையும் மட்டும் எடுத்துடுங்க. உசுரோட இருக்கிறவன் படத்துக்கு அப்படிச் செய்யக்கூடாது."

"மாலையை எடுத்தா அது வெறும் படம். மாலையோட இருந்தாத்தான் அமரர். விழா முடியிற வரைக்கும் கொஞ்சம் வெளியில தலைகாட்டாம இரும். அதுக்குப் பிறகு நீர் எவ்வளவு காலமும் உயிரோட இருக்கலாம். சங்கத்துக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை."

அந்த நேரம் பஃபலோ ரோட்டிலிருந்து பூக்காரி பூவம்மா புதுமாலையோடு படியேறி வந்தாள். பூவின் வாசனை எட்டியதும் விஸ்வலிங்கத்தின் கழுத்து தானாகவே முன்னால் வளைந்தது. எத்தனையோ மேடைகளில் பழகிப்போன கழுத்து. பூவம்மாவுக்கும் அது பழக்கம்தான். வளைந்த கழுத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் படத்துக்கு மாலையைப் போட்டாள். விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

அன்றைக்கு ஆரம்பித்தது.

குவீன்ஸ்டவுனுக்குப் போகிற பஸ், நிறுத்தத்தில் கைகாட்டி நின்ற லாசரஸைத் தாண்டிப் போனது. டிரைவருக்கு ஏதோ அவசரம் என்று லாசரஸ் நினைத்துக்கொண்டார். அடுத்ததும் போனது. அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் எதிர்வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே கடந்தார். சிராங்கூன் ரோட்டில் ரவூப்பின் தேநீர்க் கடை. பத்து வருசமாக அவர் வாய் திறக்குமுன்னே தே ஹாலியாவை, அதாவது இஞ்சித் தேநீரை, ஆற்றி நீட்டுகிறவன், இன்று அவருக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்களுக்கு ஊற்றினான். அவருக்கு ஊற்றவில்லை.

வீட்டில் மனைவி பிலோமினம்மாள் ஒரு தட்டுதான் எடுத்து வைத்தாள்.

"எனக்கு?" என்றார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீங்க இங்கேயா இருக்கீங்க? சத்தமே இல்லையே." பிறகு மூக்கைச் சுளித்தாள். "என்னங்க இது, எண்ணெய் நாத்தம்?"

அவருடைய நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சோப்புப் போட்டார், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். போகவில்லை.

மறுநாள் பட்டப்பகலில், வீட்டுக்கு வெளியே பொது நடையின் குட்டைச்சுவர்மேல் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. கறுப்பாக, சொட்டச் சொட்ட. சொட்டுகிற சத்தம் கேட்டது. தரையில் ஒரு கறையும் இல்லை.

அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. படம் எடுக்குமுன்பே பறவை அவர் கையில் செத்துவிட்டது. "பரவால்ல அண்ணே, மார்போட சேத்துப் பிடிங்க, கண்ணு மூடினது படத்துல தெரியாது" என்றான் படக்காரன். அது கிடக்கட்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் அவரை விடவில்லை. எண்ணெய் எல்லைக்கோட்டைத் தாண்டி மிதந்துகொண்டே போனது. அங்கே தண்ணீரில் கம்பு நட்டுக் கட்டிய ஒரு மீன்பிடி வீடு, கேலோங். அதன் கால்களெல்லாம் கறுத்திருந்தன. ஒருவன் சட்டையைக் கழற்றி இவர்களைப் பார்த்து ஆட்டினான். விடாமல் ஆட்டினான். "அது அந்தப் பக்கம் லா," என்றார் படகின் தலைவர். "நாம பாக்கல." படகு திரும்பியது. லாசரஸும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது ஊரே அவரைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டிருந்தது. எண்ணெய் நகத்திலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது. விழா முடியும்வரை பொறுத்தால் ஆளே மிஞ்சமாட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. அந்த மாலை இறங்கியாக வேண்டும்.

விழா மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சாப்பாடு உண்டு என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள். லாசரஸை வாசலில் யாரும் நிறுத்தவில்லை. வரவேற்கவும் இல்லை, பன்னீர்ச்செம்பு அவரைத் தாண்டி அடுத்தவர்மேல் தெளித்தது. மேடையில் அவர் படம், மாலை, விளக்கு. மேசையில் விருது: மரத்தால் செதுக்கிய ஒரு மரம். அதற்காக ஜொகூரில் நூறு வயசு செங்கால் மரம் ஒன்றை வெட்டியதாகத் தலைவர் பெருமையோடு அறிவித்தார். முதல் விருது, அந்த மரத்தை மனமுவந்து வெட்டிக்கொடுத்த மைத்துனருக்கு.

"எல்லைகள் மனிதன் போட்ட கோடுகள்!" என்று முழங்கினார் விஸ்வலிங்கம். "அமரர் லாசரஸ் அந்தக் கோடுகளை அறியாதவர்! தன்னுயிரை ஈந்து அந்தப் பறவையின் உயிரைக் காத்தவர்! அன்னாருக்காக ஒரு நிமிடம் மௌனம்."

நாற்காலிகள் கிரீச்சிட எல்லாரும் எழுந்தார்கள். லாசரஸும் எழுந்தார். தனக்காகத் தானே மௌனமாக நிற்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மௌனத்தில் அந்தச் சத்தம் கேட்டது. சொட்டு, சொட்டு. பறவை படத்தின் சட்டத்துமேல் உட்கார்ந்து அவரையே பார்த்தது.

அவர் நடந்தார். மேடையேறினார். மண்டபம் முழுக்கக் கண்ணை மூடி நிற்க, படத்திலிருந்து மாலையை எடுத்தார். விளக்கு அணைந்தது. மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பினார். எதிரே, கண்ணை மூடியபடி விஸ்வலிங்கம். சாமந்தி வாசனை மூக்கில் பட்டதும் அவர் கழுத்து தானாக, பணிவாக வளைந்தது.

ஏந்திய கழுத்தை ஏமாற்ற லாசரஸுக்கு மனம் வரவில்லை.

கூட்டம் கண்திறந்தபோது தலைவர் கழுத்தில் மாலை. பலத்த கைதட்டல். கடைசி வரிசையில் பூவம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கட்டியது யாருக்கான மாலை என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் லாசரஸின் நகங்கள் வெளுத்திருந்தன. முதல் பஸ்ஸே நின்றது.

"என்ன அண்ணே, ஆளையே காணோம்?" ரவூப் கேட்டு முடிப்பதற்குள் தே ஹாலியாவை நீட்டிவிட்டான். "ஊருக்குப் போயிட்டீங்களா?"

"பக்கத்துலதான் இருந்தேன்," என்றார் லாசரஸ். இஞ்சி தொண்டையைச் சுட்டது. சுகமாக இருந்தது.

"தம்பி, ஒரு தேத்தண்ணி."

விஸ்வலிங்கம் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. ரவூப் வேறு யாருக்கோ பாலை ஊற்றினான்.

"தம்பி! உம்மைத்தான் காணும்!"

ரவூப் மூக்கை உறிஞ்சினான். "எங்கேயோ எண்ணெய் நாறுதே அண்ணே, உங்களுக்குத் தெரியல?"

விஸ்வலிங்கம் கையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். விடாமல் ஆட்டினார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. லாசரஸ் வழக்கம்போல முகத்தைத் திருப்பப் போனார். கேலோங்கில் சட்டையை ஆட்டியவன் நினைவுக்கு வந்தான். திருப்பவில்லை.

"ரவூப், இன்னொரு டீ போடு. சாருக்கு."

ரவூப் நாலு பக்கமும் பார்த்தான்.

"எந்த சாருக்கு அண்ணே?"