கரண்டியால் குடித்த ஆரஞ்சுச் சாறு

லிஃப்ட் மெக்கானிக் அன்று காலை வீம்புக்கென்றே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்கு முதுகு, அலமாரிக்கு முகம். யாராவது கூப்பிட வந்தால் முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டு திரும்பிப் போகட்டும் என்பது ஏற்பாடு. முப்பத்தைந்து வருஷம் இருபது மாடிக் கட்டடங்களின் உச்சியில் எண்ணெய்க் கையோடு நின்று எல்லாரையும் அதட்டி வேலை வாங்கிய மனிதருக்கு, இப்போது கைவசம் மிஞ்சிய ஆயுதம் இந்த முதுகு ஒன்றுதான்.

நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கால் பாதி தேறிவிட்டது. தடி ஊன்றி நடக்கலாம். பேச்சும் இழுத்து இழுத்தாவது வந்துவிட்டது. தேறாதது தொண்டைதான். தண்ணீர் போல எதைக் குடித்தாலும் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். அதற்காக ஒரு நீல டப்பாவில் வெள்ளைப் பொடி கொடுத்திருந்தார்கள். டம்ளருக்கு ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் எதுவும் தேன் பதத்துக்கு வந்துவிடும். "இதைவிடக் கெட்டியானாலும் பரவாயில்ல, கரண்டியால கொடுங்க. தண்ணியா மட்டும் கூடவே கூடாது" என்று, விழுங்கப் பயிற்சி கொடுக்க வரும் தெரபிஸ்ட் விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தண்ணீர், டீ, காபி எல்லாம் தேன் பதம். குடிக்கும்போது வலது கடைவாயில் கொஞ்சம் ஒழுகும். அதற்கு ஒரு துண்டு.

இந்தக் காட்சியை யாரும் பார்க்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். சாப்பாடு அறைக்கு வர வேண்டும். வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், கட்டிய மனைவி உட்பட. அவள் பதிலுக்குப் போட்டது ஒரே ஒரு சட்டம்: புரையேறினால் காதில் விழ வேண்டும், ஆகவே அறைக்கதவு பாதி திறந்தே இருக்க வேண்டும். இந்த இரண்டு சட்டங்களோடு அந்த வீடு நான்கு மாதத்தை ஓட்டியிருந்தது.

அன்று, வருஷா வருஷம் குடும்பமே ஒன்றுகூடும் விடுமுறையின் முதல் நாள். மகளும் மாப்பிள்ளையும் வருவார்கள், டெய்லர் தம்பி வருவான். காலைச் சாப்பாடும் இல்லாமல் மதியச் சாப்பாடும் இல்லாமல் பதினொரு மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். மாப்பிள்ளை அதை 'பிரஞ்ச்' என்பார். மெக்கானிக், "ரெண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில முடிக்கிற கஞ்சத்தனத்துக்கு ஒரு பேரு வேற" என்பார். ஆனால் அந்த நாளின் பானங்களை வேறு யாரும் தொட விடமாட்டார். மற்ற நாட்களில் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்கிற ஆள், அன்றைக்கு ஆறு மணிக்கே எழுந்து மூன்று ஜாடி தயார் செய்வார். மாதுளையும் புதினாவும் போட்ட சோடா ஒன்று. பட்டை, கிராம்பு போட்டுச் சுடவைத்த ஆப்பிள் சாறு ஒன்று. மூன்றாவது, ஆரஞ்சுச் சாற்றில் இஞ்சியும் தேனும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தது. அதுதான் அவருடைய பெருமை. உப்புப் போடுகிற நேரத்தில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் போடுவார், என்னமோ ராணுவ ரகசியம் மாதிரி. அவரே எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் குடிப்பார்.

முந்தின நாள் மனைவி மெல்ல ஆரம்பித்துப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு அரை மணி நேரம் வெளிய வந்து உக்காருங்களேன். நம்ம வீட்டு ஆளுங்கதானே?"

"எல்லாரும் ஜூஸ் குடிப்பாங்க. நான் மட்டும் பசை குடிக்கணுமா? துண்டைக் கட்டிக்கிட்டு?"

"யாருங்க அதைப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேன்ல."

அதோடு பேச்சு முடிந்தது. அவள் அதை மகளிடம் போனில் சொன்னாள். மகள் மாப்பிள்ளையிடம் சொன்னாள். தம்பி தானாகவே போன் செய்து அண்ணியின் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டான்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவர்கள் யாரும் செய்கிற நல்லதை வாய் திறந்து சொல்லிவிட்டுச் செய்கிற ரகம் இல்லை. அது மெக்கானிக்கிடமிருந்து தொற்றிய வியாதி. பக்கத்து வீட்டு அழைப்பு மணியைச் சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டு, அவர்கள் கேட்டால் "அதுவா சரியாகியிருக்கும்" என்பார். வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட ஐந்து வருஷத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நன்றி என்ற சொல்லும் அங்கே புழக்கத்தில் இல்லை. அது மேடையில் மைக் பிடிப்பவர்கள் பேசுகிற பேச்சு.

பத்தேகாலுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக அறை வாசலில் தலையைக் காட்டினார்கள், முதுகைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதில் பாதித் திறந்த கதவும், கதவுக்கு நேர் எதிரே சமையலறை மேடையும், மேடைமேல் மூன்று ஜாடிகளும் பளிச்சென்று தெரிந்தன.

மனைவி ஆரஞ்சு பிழிந்து முடித்தாள். இஞ்சிச் சாறு விட்டாள், தேன் விட்டாள், யாரையும் வெளியே அனுப்பாமல் ஒரு சிட்டிகை உப்பும் போட்டாள். ஓஹோ, ரகசியம் இத்தனை வருஷமாகத் தெரிந்துதான் இருந்ததா என்று அவர் நினைக்கும்போதே, அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீல டப்பாவைத் திறந்தாள். ஆறு டம்ளர் ஜாடி. எண்ணி ஆறு கரண்டி போட்டு, கலக்கி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கை துண்டைத் தேடியது. தனக்கு ஒரு டம்ளரைத் தனியாகக் கலக்காமல் எல்லாருக்குமே கெட்டியாக்கிவிட்டாள். எல்லாரும் பசை குடித்தால் பசை குடிக்கிறவன் என்று தனியாக ஒருத்தன் எங்கே இருப்பான்?

அவர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைப்பதற்குள் தம்பி வந்தான். திருடன் போல இரண்டு பக்கமும் பார்த்தான். நீல டப்பாவைச் சாய்த்து ஜாடிக்குள் கொட்டினான். அளவெல்லாம் துணி வெட்டும்போதுதான் அவனுக்கு. அவசரமாக இரண்டு சுற்று கலக்கிவிட்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு ஓடிப்போனான். பழச்சாற்றில் அந்தப் பொடி உடனே பிடிக்காது. பத்து நிமிஷமாவது ஆகும். அதனால் ஏற்கெனவே ஒரு கை போட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

"டேய்" என்று கூப்பிட அவர் வாய் திறந்தார். குரல் கிளம்புவதற்குள் கண்ணாடியில் மாப்பிள்ளை நுழைந்தார். அவர் மருந்துக்கடைக்காரர், எதையும் படிக்காமல் தொடமாட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். கரண்டியில் பொடியை எடுத்து, கத்தியால் மேல்மட்டத்தைச் சீவிச் சீவி, மிகச் சரியாக ஆறு கரண்டி போட்டார். மிகவும் நிதானமாகக் கலக்கினார். போகும்போது டப்பாவின் மூடியை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

மெக்கானிக்குக் கண்ணில் நீரும் வயிற்றில் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பின. நான்கு மாதமாக இரண்டையும் அவர் அடக்கி வைத்திருந்தார். பதினெட்டு கரண்டி! அதற்குமேலும் இருக்கலாம், தம்பி கொட்டியதை யார் கண்டது.

பத்து நிமிஷம் கழித்து மகளும் சமையலறைக்குள் வந்தாள். கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு நீல டப்பாவின் பக்கம் கையை நீட்டினாள்.

அவர் எழுந்தார். எழுந்திருக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது என்ற தீர்மானமெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் எழுந்துவிட்டார். தடியை எடுத்தார், கதவைத் தள்ளினார், எட்டே அடிதான், நடந்தார். மகள் மூடியைத் திறப்பதற்கும் அவர் சமையலறை வாசலுக்கு வருவதற்கும் சரியாக இருந்தது.

"போ... போதும்!" என்றார். "ஓவர்... லோடு!"

மகள் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். சத்தம் கேட்டுக் கூடத்திலிருந்து மற்ற மூன்று பேரும் ஓடி வந்தார்கள்.

"என்னங்க, நீங்க எப்படி... யாரு கூட்டிட்டு வந்தது?" என்றாள் மனைவி.

அவர் தடியால் ஜாடியைக் காட்டினார். "ஊத்து."

அவள் ஜாடியை எடுத்து டம்ளரில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. இன்னும் கவிழ்த்தாள். ஆரஞ்சுச் சாறு ஜாடியின் விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டது. தம்பி ஒரு கரண்டியை அதற்குள் செருகினான். கரண்டி நட்டுக்குத்தாக நின்றது.

"நான் ஆறு கரண்டிதானே போட்டேன்..." என்றாள் மனைவி.

"நீங்க போட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை. "நானும் ஆறுதான் போட்டேன். லெவலா."

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? நான் கொஞ்சூண்டு..." என்று ஆரம்பித்தவன், அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "சரி, அரை டப்பா."

முதலில் சிரித்தது மெக்கானிக்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சத்தம் எங்கோ ஆழத்திலிருந்து கரகரவென்று வந்தது. நான்கு மாதம் அந்த வீட்டில் கேட்காத சத்தம். மகள் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள், பிறகு எது எதென்று அவளுக்கே தெரியவில்லை.

"வேற பிழிஞ்சிடவா? இன்னும் பழம் இருக்கு" என்றாள்.

"வேணாம்" என்றார் அவர். "இதையே... தா. கரண்டி... எடு."

மற்ற இரண்டு ஜாடிகளும் அப்படியே நிற்க, எல்லாருக்கும் கிண்ணத்தில் ஆரஞ்சுச் சாற்றை வெட்டி வைத்தாள் மனைவி. ஆம், வெட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. மெக்கானிக் துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி ஒரு வாய் விழுங்கினார். புரையேறவில்லை. இஞ்சி சரியாக இருந்தது, தேன் சரியாக இருந்தது, உப்பு அவர் கையைவிடவும் சரியாக இருந்தது. கடைவாயில் கொஞ்சம் ஒழுகியது. தம்பியின் சட்டையில் அதைவிட அதிகம் ஒழுகியது.

"அண்ணே, சத்தியமா சொல்றேன், இது நல்லாத்தான் இருக்கு" என்றான் தம்பி.

"பொய்... சொல்லாதடா."

"சரி, நல்லா இல்ல. ஆனா இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி."

அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மூன்று பேரும், தடுத்திராவிட்டால் நான்கு பேரும், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் வந்து தங்கள் காலைச் சாப்பாட்டை அவருக்காகக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தனக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்து நின்றது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பேச்சு நன்றாக இருந்த காலத்திலேயே சொல்லத் தெரியாதவர்.

"நல்லவேளை, மேசையை இன்னைக்காவது சுத்தம் பண்ணோம்" என்றாள் மகள், கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டே. "காலையில வந்து பார்த்தா எல்லா நாற்காலி மேலயும் துணி மூட்டை. அம்மா இங்க உக்கார்றதே இல்லப்பா. அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிட்டு முடிச்சிடறாங்க. கேட்டா, தனியா உக்காந்து என்னத்தைச் சாப்பிடறதுங்கறாங்க."

"உனக்கு வாய் சும்மா இருக்காதா?" என்றாள் மனைவி.

மெக்கானிக்கின் கரண்டி பாதி வழியில் நின்றது. அறைக்குள் உட்கார்ந்து, தான் ஒருத்தன்தான் தனியாகச் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி நின்றபடியே சாப்பிட்டிருக்கிறாள், நான்கு மாதம், மூன்று வேளையும். அவர் போட்ட சட்டம். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. இப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள், ஜாடியைக் கையில் பிடித்தபடி, யாருக்கு இன்னும் வேண்டும் என்று பார்த்துக்கொண்டு.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். சொல்ல வேண்டியதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சிக்காமல் வரவேண்டுமே என்றிருந்தது.

"நாளைக்கு..." என்றார். "நாளைக்கு என் தட்டை... இங்க வை. மூணு வேளையும். உன் தட்டையும்... வை."

அவர் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற மனைவி ஜாடியை மேசைமேல் வைத்தாள். அவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.