லூயிஸ் போட்ட காப்பி

டப்பாப் பால் என்றால் எங்கள் தெருவில் தாய் செத்த பிள்ளைக்குக் கொடுப்பது. அதனால் லூயிஸ் தோல்பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து எங்கள் அடுப்படித் தரையில் வைத்ததும் என் அம்மா வியாகுலம்மாள் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அத்தை" என்று சிரித்தார் லூயிஸ். "சைகோன்ல காப்பிக்கு இதுதான் பாலு. பசும்பாலுக்கு அங்க எங்க போறது?"

என் பெயர் ஃப்ளோரன்ஸ், வீட்டில் ஃப்ளோரா. லூயிஸுக்கும் எனக்கும் நிச்சயமாகியிருந்தது. காரைக்கால்காரர். சைகோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் சுங்க உத்தியோகம். விடுப்பில் வந்து, ராயபுரத்தில் எங்களுக்கு நான்கு வீடு தள்ளியிருக்கும் தன் பெரியம்மா ஞானபாக்கியத்தின் வீட்டில் தங்கியிருந்தார். கலியாணம் முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலேறுவதாகப் பேச்சு.

வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முதல் ஓலை. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சாமியார் உரக்க வாசிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். தெரிந்தும் மறைத்தால் பாவம்.

என் அப்பா சவரிநாதன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறார். அவர் தூக்கி ஏற்றிய மூட்டைகள் போகாத ஊர் இல்லை. நான் பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாசகசாலையிலிருந்து கொண்டுவந்து படித்த அயல்நாட்டுக் கதைகளில் மழை பெய்யும் ஊர்களில் பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். சைகோனில் தினமும் மாலையில் மழை வரும் என்று லூயிஸ் சொன்ன அன்றே எனக்குச் சம்மதமாகிவிட்டது. அவர் முகத்தை அதற்குப் பிறகுதான் சரியாகப் பார்த்தேன்.

அன்று வியாழக்கிழமை. மதியம் தன் ஊர்க் காப்பியைத் தானே போட்டுக் காட்டுவதாக வந்திருந்தார். கூடவே ஞானபாக்கியம் பெரியம்மா. ஐஸ் வேண்டுமென்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்ததால், குப்பத்திலிருந்து பச்சையம்மா சாக்கில் சுற்றி உமி ஒட்டிய ஒரு பாளத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினாள். அவள் மீன்காரி. எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேச அவளுக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.

"பாத்துக்க யக்கா, கண்ணாடி கணக்கா கீது" என்றாள் அம்மாவிடம். அம்மா அதைக் குழாயடியில் வைத்துக் கழுவினாள். பச்சையம்மா போகவில்லை. அடுப்படி வாசற்படியில் குந்திக்கொண்டாள்.

லூயிஸ் ஆணியும் சுத்தியலும் கேட்டு வாங்கி டப்பாவில் துளை போட்டார். மஞ்சளாகக் கெட்டியாக அது வெளியே வந்தது. முற்றிய கட்டியைக் கீறினால் வருமே, அப்படி. அவர் அதை விரலால் வழித்து நக்கினார். அதே விரலால் மறுபடியும் வழித்தார். கரண்டியை வாயில் விட்டுச் சப்பிவிட்டு டப்பாவுக்குள் விட்டார். எனக்கு உமிழ்நீர் ஊறி நின்றது. விழுங்க மனம் வரவில்லை.

பிறகு காகிதத்தைப் பிரித்து வடிகட்டியை எடுத்தார். சின்னப் பிள்ளைக்குத் தைத்த தகரத் தொப்பி மாதிரி இருந்தது. அடியில் பொடிப் பொடியாகத் துளைகள். யாரோ சாம்பல் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே முகம் தெரிந்தது. காப்பிப் பொடி கப்பலுக்குப் பூசும் கீல் மாதிரிக் கறுப்பாக இருந்தது. வெண்ணெய் விட்டு வறுப்பார்களாம். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வதுபோல மூடிக்கொண்டாள்.

கண்ணாடித் தம்ளரின் மேல் வடிகட்டியை வைத்து, பொடியை அள்ளிப் போட்டு, கொதிநீரை ஒரே மூச்சாக ஊற்றினார் லூயிஸ். நீர் பொடியையும் அடித்துக்கொண்டு தடதடவென்று கீழே இறங்கியது. தம்ளரில் மழைக்காலத்துச் சாக்கடை மாதிரி மண்டி நின்றது.

"தண்ணி சூடு பத்தல" என்றார்.

அம்மா அடுப்பை ஊதினாள். மறுபடியும் ஊற்றினார். மறுபடியும் சாக்கடை.

"நைனா" என்றாள் பச்சையம்மா. "வண்டிக்கு மை ஊத்துற மாரி ஊத்திகினு கீறியே. இத்த நீ முன்ன பின்ன போட்டுகீறியா?"

"தினமும் குடிப்பேன்."

"குடிச்சத யாரு கேட்டா? போட்டது யாருன்றேன்."

"உனக்கு மீனு விக்கிற வேல இல்லியா?" என்றாள் ஞானபாக்கியம் பெரியம்மா.

"ஐஸு குட்த்தவ நானு. எம்மா நேரமானாலும் பாத்துட்டுத்தான் போவேன்."

லூயிஸுக்குக் கோபம் வரவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வீட்டுல ஒருத்தி இருக்கா. அவதான் போடுவா."

"வேலக்காரியா?" என்றாள் பச்சையம்மா.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஏதோ நல்லது செய்யப் போகிறவரின் பார்வை அது.

"மறைச்சு என்ன ஆகப்போவுது? நாளைக்கு இவ வந்து பாக்கத்தானே போறா. அங்க நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு அப்படித்தான். எத்தன வருசம் தனியாக் கெடக்கிறது? அந்த ஊருக்காரிதான். நல்லவ. வாயத் தொறக்க மாட்டா."

"டே லூயிஸு" என்றாள் பெரியம்மா. ஆனால் அதில் அதட்டல் இல்லை. இதை இப்போதே சொல்லியிருக்க வேண்டாம் என்ற சலிப்புதான் இருந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"புள்ள குட்டி?" என்றாள் பச்சையம்மா.

"ஒரு பொண்ணு." லூயிஸ் டப்பாவின் விளிம்பைக் கரண்டியால் சுரண்டினார். "என் நெறத்துல பொறந்துடுச்சு. அவங்க சனம் சேத்துக்கல. வேற எங்க போவும்? வீட்டோடதான் கெடக்குது. தம்ளர் கழுவ, செருப்புத் தொடைக்க ஆச்சு. ஃப்ளோரன்ஸ் வந்துட்டா அடுப்படிய அதுங்க ரெண்டும் பாத்துக்கும். இவ கைய நனைக்க வேணாம். ராணி மாதிரி உக்காந்திருக்கலாம்."

"அந்தக் கொயந்த உன்ன இன்னான்னு கூப்டும்?"

"முசியேன்னு கூப்பிடும். பிரெஞ்சுல தொரன்னு அர்த்தம். அப்பான்னுதான் ஆரம்பிச்சுது. நாந்தான் அடிச்சுப் பழக்கினேன்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றார் லூயிஸ் என்னிடம். "நீதான் போடேன் பாப்போம்."

காகிதத்துக்குள் இன்னொரு துண்டு கிடந்ததை நான் முதலிலேயே பார்த்திருந்தேன். துளை போட்ட சின்னத் தட்டு, நடுவில் ஒரு திருகு. பொடியின் மேல் அதை வைத்து அழுத்தித் திருகினால் பொடி அசையாது, நீர் மெதுவாக இறங்கும். பார்த்தாலே தெரிகிற விஷயம். அதன் முன்னால் தினமும் உட்கார்ந்து குடித்தவருக்குத் தெரியவில்லை. என் கை தானாகவே வேலை செய்தது. தம்ளரின் அடியில் பாலை விட்டேன். பொடியைப் பரப்பித் தட்டைத் திருகினேன். கொஞ்சமாக நீர் விட்டேன். ஒரு சொட்டு விழுந்தது. நின்று, இன்னொரு சொட்டு விழுந்தது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இதே மாதிரி குனிந்து, இதே சொட்டுகளுக்காகக் காத்து நிற்கிற ஒருத்தியின் கைகளை எடுத்து என் தோளில் ஒட்டிவிட்டது போலிருந்தது. சொட்டுக்குச் சொட்டு லூயிஸ் தலையை ஆட்டினார். "ஆங், அப்படித்தான். அவளும் இப்படித்தான் நிப்பா" என்றார்.

காப்பி இறங்கி முடிந்ததும் ஐஸை உடைத்துப் போட்டு, கலக்கிக் கொடுத்தேன். ஒரு பெரிய வாய் குடித்தார். அடுத்த கணம் முகம் கோணி, குடித்ததையெல்லாம் தரையில், என் காலுக்கு அருகே துப்பினார்.

"மீனு! மீன் நாத்தம்! கலீஜ்!"

எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. மீனை ரயிலேற்றும் கிடங்கில் கிடந்த ஐஸ், கழுவியாயிற்று, சுத்தமாகிவிட்டது என்றுதான் அம்மா நினைத்தாள். அந்தக் காற்றிலேயே தலையை உலர்த்துகிறவர்களுக்கு மீன் வாசனை எங்கே தெரியும்?

"பின்ன, மீன் ஐஸ்ல மல்லிப்பூவா மணக்கும்?" என்றாள் பச்சையம்மா.

"இந்தக் கலீஜ்ல எப்படித்தான் குடும்பம் நடத்துறீங்களோ" என்று லூயிஸ் வாயைக் கொப்பளித்தார். பெரியம்மா அம்மாவைத் திட்டினாள். அம்மா மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டே, அவர் துப்பியதைத் துணியால் வழித்தாள். பழுப்பாக, பிசுபிசுவென்று, நூலாக நீண்டு, அது துணியில் ஒட்ட மறுத்தது.

எனக்கென்று கொஞ்சம் கலந்து வைத்திருந்தேன். குடித்துப் பார்த்தேன். மீன் வாசனை இருந்தது. ஆனால் மீன் எனக்குப் பழக்கம். பழகாதது அந்தத் தித்திப்பு. தொண்டையில் இறங்காமல் நாக்கில் படிந்து, கரைய மறுத்து உட்கார்ந்தது. கொல்லைப்புறம் ஓடிப்போய், காலையில் தின்ற பழையசோறு வரைக்கும் வாந்தியெடுத்தேன்.

அவர்கள் போன பிறகு அம்மா என் முதுகைத் தடவினாள். "ஆம்பளைங்க அப்டித்தான்டீ. சொல்லிட்டான். சொல்லாத செய்றவன் எத்தினி பேரு. நீ போனா நீதான் எஜமானி."

"அந்தப் பொண்ணு?"

"அது அவங்க பாவம். நமக்கு இன்னா?"

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"கோயில்ல வச்சுக் கட்னானா அவள?"

"இல்லன்றாங்க."

"அப்போ ஓலைக்குத் தடையில்ல." ஒரு உருண்டையை உள்ளே தள்ளினார். "நல்ல உத்தியோகம். இந்த மாரி இன்னொரு எடம் வராது, ஃப்ளோரா."

அவர் தின்பதைப் பார்த்தேன். மீன் முள்ளை நாக்கால் ஒதுக்கி விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். வாழ்நாளெல்லாம் பார்த்த காட்சி. அன்று அதைக்கூடப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கோயிலுக்குப் போனேன். சாமியார் தன் அறையில் மறுநாள் வாசிக்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம், சாமி. என் ஓலைக்கு ஒரு தடை இருக்கு."

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இடையில் ஒரே ஒரு கேள்விதான். "அந்தப் பெண்ணைக் கோயிலில் மணந்தானா?"

"இல்ல சாமி."

"அப்படியென்றால் அது பாவம். பெரிய பாவம்தான். பாவசங்கீர்த்தனம் செய்தால் மன்னிப்பு உண்டு. தடை என்பது வேறு, பிள்ளை."

"எதெது சாமி தடை?"

"உயிரோடு இருக்கிற மனைவி. நெருங்கிய இரத்த உறவு." அவருக்கு அவசரமில்லை. "சம்மதம் இல்லாமல் கட்டாயப்படுத்துவது."

நான் இரண்டு நாளாக யாரோ வந்து தடுப்பார்கள் என்று காத்திருந்தேன். தடுப்பதற்கு யாரும் இல்லை என்று அப்போது புரிந்தது.

"எனக்குச் சம்மதம் இல்ல சாமி."

"ஏன்? மனுஷன் தவறினான். மனைவியாகப் போகிறவள் மன்னிக்க வேண்டாமா?"

"மன்னிச்சுடறேன் சாமி. ஆனா அந்தக் கரண்டிய அவர் சப்புனத நெனச்சா வாந்தி வருது. அவர் கை மேல பட்டா என்ன ஆவும்னு தெரியல. அருவருப்பா இருக்கு."

"அருவருப்பா?"

"ஆமா சாமி. வேற வார்த்த தெரியல."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "போய் உன் அப்பாவை வரச் சொல்."

"அப்பா சம்மதம்னுதான் சொல்வார். பலிபீடத்துக்கு முன்னால நீங்க கேக்கப் போறது என்னத்தானே?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, காகிதத்தில் எங்கள் பெயர் இருந்த வரியை அடித்தார். மறுமுறையும் அடித்தார், மை காய்ந்திருந்ததால்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அறைவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, நிச்சயப் புடவையை எடுத்து மடிப்புக் கலையாமல் ஒரு தாம்பாளத்தில் வைத்தாள். பூவும் தேங்காயும் வைத்து வந்த தாம்பாளம். இப்போது புடவை மட்டும் இருந்தது.

"இனிமே எவன்டீ வருவான் உனக்கு?" என்றாள். "கப்பலு, கப்பலுன்னு கெடந்தியே. இந்தச் சந்துலயே கெடந்து சாவு."

"நானும் வரேன்மா."

"நீ வராத. அந்த ஞானபாக்கியம் வாயில நீ வியுந்து எழ வாணாம். நான் போயிக் குட்த்துட்டு வரேன்."

தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டடி போனவள் நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அது என்மேல் இல்லை.

"ரெண்டு நாளா ரோசன பண்ணிகினு கீறேன்" என்றாள். "அந்த சைகோன்காரி பேரு இன்னான்னு நம்மள்ள ஒருத்தரும் கேக்கலியேடீ."

பதிலுக்கு நிற்காமல் ஞானபாக்கியம் பெரியம்மாவின் வீட்டை நோக்கி நடந்தாள்.