மஞ்சள் கண்ணாடி வீடு

யேசுரத்தினம் வேலைக்காலம் முழுவதும் மின்சார வாரியத்தில் கழித்தவர். தெருவில் நடந்தால் அவர் கண்ணுக்குக் கம்பமும் கம்பியும்தான் தெரியும். அதற்குக் கீழே வீடு என்று ஒன்று இருப்பதே, மீட்டர் பெட்டியைத் தேடும்போதுதான் அவருக்கு உறைக்கும்.

மனைவி தேவகனி நேர்மாறு. வடசேரிச் சந்தையில் காய் வாங்கிவிட்டு அவளோடு வீட்டுக்குத் திரும்பினால், பக்கத்து வழி தூரத்து வழியாகிவிடும். ஒரு வீட்டு ஜன்னலுக்கு மேலே சிமெண்டில் செய்த இரண்டு கிளிகள். அதில் ஒன்றுக்கு அலகு கிடையாது. அடுத்த வளைவில் ஒரு வீட்டு நெற்றியில் 1112 என்று பொறித்திருக்கும். அதைக் கதவு எண் என்று நினைத்து கூரியர் பையன்கள் இன்றைக்கும் அலைகிறார்கள்; அது திருவிதாங்கூர் காலத்துக் கொல்லம் ஆண்டு என்று தேவகனிதான் நிறுத்திச் சொல்லி அனுப்புவாள். அதற்கப்புறம் தூணில் திராட்சைக் குலை செதுக்கிய வீடு. அந்தக் கொத்தனார் திராட்சையைக் கண்ணால் கண்டிருக்கமாட்டான், நல்லமிளகுக் கொடியைப் பார்த்து ஒப்பேற்றியிருக்கிறான் என்று போகும்போதெல்லாம் சிரிப்பாள்.

டிசம்பரில் நடந்தால் நட்சத்திரங்களையும் பார்ப்பாள். அது முழுக்கக் கிறிஸ்தவர்கள் இருக்கிற தெரு. வாசலில் நட்சத்திரம் தொங்காத வீடு என்றால் அந்த வருஷம் அங்கே ஒரு சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு வீடு வந்துவிட்டால் தேவகனி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அவரையும் பேசவிடாமல் கடந்துபோவாள். அவர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத வீடாக இருந்தாலும் அப்படித்தான்.

அவர்கள் வீட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. கதவுக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி. ஒரு புயலில் சிவப்புத் துண்டு ஒன்று உடைந்துபோக, சிவப்பு கிடைக்கவில்லை என்று யேசுரத்தினம் மஞ்சளை வாங்கி மாட்டிவிட்டார். பல்வரிசையில் சோளம் வைத்ததுபோல் இருக்கிறது என்று தேவகனி அவரை ஒருமாதம் குத்திக்காட்டினாள். பிறகு அதுவே பேராகிவிட்டது. மீன்காரியும் கீரைக்காரியும் அவளை மஞ்சக் கண்ணாடி வீட்டுக்காரி என்றுதான் சொன்னார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

மறதி புளியில் ஆரம்பித்தது. ஒரே குழம்பில் இரண்டுமுறை கரைத்து ஊற்றினாள். அப்புறம் மஸ்கட்டில் இருக்கிற மகள் ஜாஸ்மியின் பெயர் போனது. ஒருநாள் யேசுரத்தினம் குளித்துவிட்டு வரும்போது, கரண்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அவர் துண்டோடு நின்று அழுதார். மீட்டர் பார்த்தாச்சா என்று அவள் மரியாதையாகக் கேட்டாள்.

தினமும் ஒரே வழியில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஜாஸ்மியோ, கேட்டைப் பூட்டிச் சாவியை அப்பா மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று போனில் சண்டை போட்டாள். நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்தவளை ஆட்டைப்போலக் கட்டிப்போட அவருக்கு மனம் வரவில்லை. இந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து தேவகனி வெளியே போய்விட்டாள். பனியனோடு ஓடினார். ஓடைப் பாலத்தருகே அவள் நிதானமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"கிளி… ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு… நல்லமொளவு… மஞ்சக் கண்ணாடி."

அவரைத் தெரியவில்லை, வீடு தெரிந்தது. அவர் பின்னாலேயே வந்தார். மஞ்சள் கண்ணாடியைப் பார்த்ததும் கேட்டைத் திறந்து உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்டாள். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. சுவரில் இருப்பதெல்லாம் இருக்கும்வரை கேட்டைப் பூட்டமாட்டேன் என்று ஜாஸ்மியிடம் சொல்லிவிட்டார். இருந்திருந்து அப்போதுதான் அவரும் வீடுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

பார்க்கத் தொடங்கிய வேளை சரியில்லை. கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. நவம்பர் மழை ஓய்ந்ததும் தெரு முழுக்கச் சாரம் கட்டிப் பெயிண்டர்கள் ஏறினார்கள். கிளி வீட்டு குமாரதாஸின் மகன் சிஜோ கத்தாரிலிருந்து வந்து, முன்பக்கம் முழுவதும் அலுமினியத் தகடு அடிக்க ஏற்பாடு செய்தான். யேசுரத்தினம் போய் விஷயத்தைச் சொன்னார். சிஜோ நல்ல பையன். நாற்காலி போட்டு, ஜூஸ் கொடுத்து, முழுவதையும் கேட்டான். அவன் கண்கூடக் கலங்கியது. மறுவாரம் தகடு பளபளவென்று ஏறியிருந்தது. இவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியப்பா, நீங்க சொன்னதுனால கிளிய ஒடைக்கவே விடல்ல. தகட்டுக்கு உள்ள பத்திரமா இருக்கு."

நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

1112-ஐப் பட்டி பூசி மூடினார்கள். திராட்சைத் தூணை மெஷினால் சீவி, கிரானைட் ஒட்டினார்கள். அந்த வீடுகளில் அவர் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டைப் புதுக்காதே என்று ஒரு கிறிஸ்தவன் இன்னொரு கிறிஸ்தவனிடம் எந்த முகத்தோடு கேட்பான்? யார் மேலும் குற்றமில்லை. கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்திருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

போதாக்குறைக்கு, சபை வாலிபர் சங்கம் அந்த வருஷம் எல்லா வீட்டுக்கும் ஒரேமாதிரி சிவப்பு நட்சத்திரம் மொத்தமாக வாங்கிவிட்டது. தெருவின் இந்த முனையில் நின்று பார்த்தால் எது யார் வீடென்று யேசுரத்தினத்துக்கே தடுமாறியது. தேவகனி தகட்டு வீட்டின் முன்னால் நின்று அண்ணாந்து பார்ப்பாள். பிறகு வந்த வழியே திரும்புவாள். அவர் கையைப் பிடித்தால் உதறுவாள்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்கினால், தொங்காத வீடு தனியாகத் தெரியும். நட்சத்திரத்தோடு வந்த பையன்களிடம் இந்த வருஷம் வேண்டாம் என்றார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுபின் என்கிறவன், அப்படிச் செய்தால் நன்றாக இருக்காதே என்று இழுத்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, யாரும் என்னவும் நினைக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். சுவருக்குப் பெயிண்ட் கிடையாது, சீரியல் பல்பு கிடையாது. மின்சார வாரியத்துக்காரர் வேலையை மட்டும் காட்டினார்: கதவுக்கு உள்பக்கம் உயரத்தில் ஒரு பல்பை மாட்டி, வண்ணக் கண்ணாடியை வெளியே தெரியும்படி எரியவிட்டார். இருட்டில் அந்த மஞ்சள் துண்டு தெருமுனைவரை தெரிந்தது. தன் மூளையை அவரே மெச்சிக்கொண்டார்.

ஜாஸ்மி கடைசியாக ஒரு கெடு வைத்திருந்தாள். இன்றைக்கு அம்மா தானாகவே வீட்டைக் கண்டுபிடித்து நுழையாவிட்டால் நாளையிலிருந்து பூட்டு. அவரும் சரி என்றிருந்தார்.

சாயங்காலம் தேவகனியை முன்னால் விட்டு, நாலடி பின்னால் நடந்தார். தகட்டு வீட்டில் அவள் தயங்கினாள். கிரானைட் தூணைக் கையால் தடவிப் பார்த்தாள். அவர் உள்ளுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார். வளைவு திரும்பியதும் அவள் தலை நிமிர்ந்தது. மஞ்சள் கண்ணாடியைப் பார்த்துவிட்டாள். நடை வேகம் எடுத்தது. தெரிந்துவிட்டது, கண்டுகொண்டாள் என்று வாய்விட்டே சொன்னார்.

கேட்டுக்கு முன்னால் தேவகனி நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். இரண்டு பக்கத்து வீடுகளின் நட்சத்திரங்களையும் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் மெதுவாக. "இங்க ஒரு சாவு நடந்திருக்கு."

"யாருக்குட்டி கனி?" என்று கேட்டார்.

"தெரியாதா ஒங்களுக்கு? மஞ்சக் கண்ணாடி வீட்டுக்காரி. நல்ல பொம்பள. வீட்டுக்காரரு கரண்ட் ஆபீசுல வேல. பாவம், அந்த மனுசன் தனியா என்ன செய்யாரோ."

நம் வீடுதான் இது, நீ சாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கண்ணில் நீர் நின்றது. அந்த வீட்டுக்காரருக்காக அழுதுகொண்டிருக்கிறவளிடம் அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"வாங்க, நேரமாச்சு. வீட்டுக்குப் போவோம்," என்று தேவகனி தலைகுனிந்து நடந்தாள்.

யேசுரத்தினம் திறந்து கிடந்த கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அவள் பின்னால் போனார்.